வீட்டின் முதுகு

தெருப்பக்கச் சுவரில் பஞ்சாயத்து எழுத்தர் ஆணியடிக்கப் பென்சிலால் நான்கு புள்ளிகள் வைத்திருக்கிறார். அவர் காலடியில் ‘ஊரின் முதல் வீடு’ என்று பொறித்த பித்தளைப் பலகை வெயிலில் சூடேறிக் கிடக்கிறது. வீட்டுக்காரி, படகு என்ஜின் பழுதுபார்ப்பவள், கிரீஸ் படிந்த கட்டைவிரலால் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழிக்கிறாள். “இது வீட்டோட முதுகு சார். எங்க பூட்டன் படகுல வந்து இறங்குனப்ப இங்க ரோடே கிடையாது. வாசலைக் கடலைப் பார்த்துதான் வச்சாரு. போட்டோவுக்கு யாராவது முதுகைக் காட்டுவாங்களா?” “போறவங்க வர்றவங்க கண்ணுல படணும்லம்மா. அந்தப் பக்கம் யாரு பார்க்கப்போறா?” அவள் உள்ளே போகிறாள். அலமாரியை இழுக்கும் ஓசை கேட்கிறது. பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுத்தரும் பின்னால் போகிறார். அலமாரி இருந்த இடத்தில் ஒரு கதவு. புயலடித்த வருடம் அடைத்தது, உப்புக்காற்றில் ஊதிப்போயிருக்கிறது. தோளைக் கொடுத்து மோதுகிறாள். அசையவில்லை. செருப்பை உதறிவிட்டு, காலை அழுத்தி ஊன்றி, மறுபடி மோதுகிறாள். மூன்றாம் முறை கதவு முனகிக்கொண்டு திறக்கிறது. இடுக்குகளில் அடைந்திருந்த மணல் உதிர, அறை முழுக்கக் கடல் வெளிச்சம். இருவரும் வெளியே வந்து நிமிர்ந்து பார்க்கிறார்கள். நிலைக்கு மேலே, கூரைச் சரிவின் கீழ், ஓர் இரும்புக் கொக்கி. அதைச் சுற்றிச் சுவரில் பழைய விளக்குக் கரி. “கடலுக்குப் போனவங்க பார்த்துத் திரும்பி வர்றதுக்கு,” என்கிறாள் மூச்சு வாங்க. எழுத்தர் எம்பிக் கரியைத் தொட்டு, விரலைப் பார்க்கிறார். பிறகு காதில் செருகிய பென்சிலை எடுக்கிறார். “கொக்கிக்கு மேலயா, கீழயா?” “கீழ. விளக்கு வெளிச்சம் எழுத்து மேல விழணும்.”