இருபுறமும் நல்வரவு

காலை வெயிலில் புழுதி பொன்னாய்ப் பறக்க, ஃபெங்தியன் படை கடைத்தெருவுக்குள் நுழைகிறது. நேற்றுவரை ஊரை ஆண்ட எதிரணியான ஷிலி படை ஓடிவிட்டது. ஆவியில் வேகவைத்த கறிப் பன் விற்கும் லுவான், வரவேற்புத் துணியைக் கடை வாசலில் தொங்கவிட்டு, குனிந்த முதுகு நிமிராமல் நிற்கிறார். எவன் வந்தாலும் ஆகட்டுமென்று துணியை இரட்டையாகத் தைத்து, முன்பக்கம் ஃபெங்தியனுக்கும் பின்பக்கம் ஷிலிக்கும் வாழ்த்து எழுதிவைத்த கெட்டிக்காரர். கீழ்முனையைக் கட்ட மறந்ததுதான் பிசகு. காற்று ஒரு வீசு வீச, துணி புரண்டு 'வெல்க ஷிலி சேனை' என்று பல்லிளிக்கிறது. குதிரைமேலிருந்த தலைவன் கடிவாளத்தை இழுக்கிறான். மூங்கில் தட்டுகளில் ஆவி சீறுவது மட்டும் கேட்கிறது. பக்கத்து ஊரில் இதற்குத்தான் ஒருவன் தலை போனது.

"என்னய்யா இது?"

"காத்து பண்ணின வேலைங்கய்யா..."

தலைவன் குனிந்து, படை அடையாளமாய்க் கட்டிய தன் கைப்பட்டையை மெல்லப் புரட்டிக் காட்டுகிறான். உள்பக்கம் ஷிலிக்காரர்கள் கட்டியிருந்த அதே நிறம். "என் பொண்டாட்டி தைச்சது. நாலு ஓரமும் அடிச்சிருக்கா பாரு. நீயும் கீழ இழுத்துக் கட்டுய்யா! பன் சூடா இருக்கா?"

"இருக்குங்கய்யா, இருக்கு!" லுவான் மூடியைத் திறக்கிறார். முகத்தை மறைக்கும் ஆவிக்குள் நின்று சத்தமில்லாமல் சிரிக்கிறார்.