பிஸ்கட் டப்பா அதிர்கிறது

வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை இங்கிலீஷ் வகுப்பில் எல்லோருடைய போனும் மேசைமேல் இருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட வேண்டும், டீச்சருடையதும்தான். அவளே போட்ட சட்டம் அது. இப்போது டப்பா அதிர்கிறது, மூடி கிடுகிடுக்கிறது, டீச்சர் திரும்பித் திரும்பி அதைப் பார்க்கிறாள். சாய்ந்த வெயில் கரும்பலகையில் விழுந்து, எழுதிய இரண்டு வார்த்தைகளில் ஒன்று கண்ணுக்கே தெரியவில்லை. "அஃபெக்ட், வினைச்சொல். பாதிக்கிறது. எஃபெக்ட், பெயர்ச்சொல். அதனால வர்ற விளைவு," என்று இதையே மூன்றாவது தடவையாகச் சொல்கிறாள். சாக்பீஸ் கையிலேயே ஒடிகிறது. டப்பா அடங்கி, மறுபடி உறுமுகிறது. ஓடிப்போய்த் திறந்து பார்க்கிறாள்: வேறு யாருடையதோ. "என்ன டீச்சர், இருப்புக்கொள்ளாம தவிக்கிறீங்க?" என்கிறார் கடைசி பெஞ்சு டாக்சிக்காரர். "தம்பிய ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோயிருக்காங்க. முடிஞ்சதும் கூப்பிடுவாங்க. நீங்க பலகையைப் பாருங்க."

யாரும் பலகையைப் பார்க்கவில்லை. டாக்சிக்காரர் எழுந்து வந்து, டப்பாவிலிருந்து தன் போனை எடுத்து அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். அவர் பின்னாலேயே தையல்கார அக்கா, வாயே திறக்காத வாட்ச்மேன், பிறகு ஒவ்வொருவராக. "சட்டம் என்னாச்சு?" என்று அதட்டப் பார்க்கிறாள். "அதை நாளைக்குப் பார்த்துக்கலாம் டீச்சர். இனிமே அடிச்சா உங்களுதுதான்," என்கிறார் டாக்சிக்காரர். டப்பாவுக்குள் ஒரே ஒரு போன். அது அசையாமல் கிடக்கிறது. "அஃபெக்ட், வினைச்சொல்," என்று அவள் கேட்காமலே வகுப்பு மொத்தமும் பாடத்தைச் சொல்லத் தொடங்குகிறது, கண்ணையெல்லாம் டப்பாமேல் வைத்துக்கொண்டு.