இரண்டே எழுத்து

அந்த மென்பொருள் ஆபீஸில் ஒவ்வொரு புராஜெக்டும் கணினிக்குள் தனக்கென்று இருக்கும் ஒரு தனி உலகத்துக்குள்தான் ஓடும். கறுப்புத் திரையில் நீளமான ஒரு வரியைத் தட்டினால்தான் அதற்குள் நுழையலாம். அந்த வரியை இரண்டே எழுத்தாகச் சுருக்கியவள் அமலி. அவள் ஃபோல்டரில் அந்தச் சுருக்கம் கிடந்தது. ஆபீஸிலிருந்த அத்தனை கணினியும் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டன. அதற்கு விருது வாங்கியதென்னவோ டீம் லீடர் சிவபாலன். "நான் எழுதினது" என்று அவர் மேடையில் சொன்னபோது அமலி கைதட்டினாள். உள்ளங்கை எரியும்வரை தட்டினாள்.

இன்று அவளுக்குக் கடைசி நாள்.

"ஒப்படைக்க வேற ஏதாவது இருக்கா?" என்றார் சிவபாலன், முகத்தைப் பார்க்காமல்.

"என்னுதுன்னு ஒண்ணுமில்ல சார்."

அவள் பெயரிலிருந்த ஃபோல்டரை அவர் தன் கையாலேயே அழித்தார்.

பதினோரு மணிக்கு, புராஜெக்ட் ஓடுவதைப் பார்க்க வாடிக்கையாளர்கள் வீடியோ அழைப்பில் பெரிய திரையில் வந்து காத்திருந்தார்கள். விருது கொடுத்த முதலாளியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சிவபாலன் விரல்களை நெட்டி முறித்துக்கொண்டு இரண்டு எழுத்தைத் தட்டினார். அப்படியொரு கட்டளையே கிடையாது என்றது கறுப்புத் திரை. மறுபடி தட்டினார். மூன்றாம் முறை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டினார். நீள வரியை அவர் ஒருநாளும் தட்டியதில்லை.

அந்த அறை வாசலில் அமலி தன் அடையாள அட்டையை நிதானமாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அமலி, உள்ள போறதுக்கு என்னம்மா அடிக்கணும்?" அவர் குரல் இறங்கியிருந்தது.

"என்னைப் போய்க் கேக்கறீங்களே சார்," என்றாள் அவள், முதலாளிக்கும் கேட்கும்படி. "நீங்க எழுதினதுதானே?"