முழுகாதவர்கள்

“இந்த வீட்டு இசபெல்லா முழுகாம இருக்காளாமே, நெசந்தானா?”

வாசலில் நின்றவரின் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் சந்தனமாரி சட்டென்று படி தாண்டி வெளியே வந்தாள். இசபெல்லாவின் பக்கத்து வீட்டுக்காரி அவள். இசபெல்லாவுக்காக அவள் வைத்த கஷாயம் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. வாடை வெளியே வந்துவிடாதபடி கதவை இழுத்துச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

“யாருய்யா சொன்னது?”

“யாரு சொன்னா என்ன? ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லும்மா.” தெருவை இருபுறமும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில்தான் கேட்டார்.

இசபெல்லாவுக்கு இதயம் பலவீனம். முதல் பிரசவத்திலேயே செத்துப் பிழைத்தவள். இப்போது மறுபடியும் மூன்று மாதம். ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் உதடு நீலமாகிவிடுகிறது. போன வாரம் புருசன் சிலுவை அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். சோதித்து முடித்ததும் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, இந்தப் பிள்ளையைச் சுமந்தால் தாய் தங்கமாட்டாள் என்று டாக்டரம்மா அவனிடம் சொன்னாள். கலைத்துவிடுங்கள் என்று கும்பிட்டான். டாக்டரம்மா அந்தக் காலத்துச் சட்டத்தைச் சொன்னாள். கலைத்தவருக்கும் ஜெயில், கலைத்துக்கொண்டவளுக்கும் ஜெயில். அதற்கு மேல் அவன் அங்கே நிற்கவில்லை. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, திரேஸ்புரத்தில் தங்கள் வீடு எந்தத் தெரு என்றுகூடச் சொல்லாமல், மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அதன்பிறகுதான் சந்தனமாரி அடுப்பை மூட்டினாள்.

சிலுவை கடலில் முழுகிச் சங்கு குளிக்கிறவன். நெஞ்சில் சளி கட்டியதால் அவனும் கொஞ்ச நாளாகக் கடலில் இறங்கவில்லை. ‘ஒங்க வீட்டுல ரெண்டு பேரும் முழுகாமத்தான் இருக்கிய’ என்று சந்தனமாரியே ஒருநாள் கேலி செய்திருந்தாள். அந்தக் கேலி இப்போது கைகொடுத்தது.

“ஐயா, முழுகாம இருக்கது அவ இல்ல, அவ புருசன்.” வரவழைத்துக்கொண்ட சிரிப்போடு சொன்னாள். “மூச்சுப் பிடிக்க முடியாம அவருதான் சங்குக்கு முழுகப் போகல. எவளோ அதைச் சொல்லியிருக்கா, எவளோ இதைக் கேட்டிருக்கா.”

காக்கிச் சட்டைக்காரர் ஒரு கணம் விழித்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

“இந்த ஊருல தெருவுக்கு நாலு இசபெல்லா இருக்காளுவ” என்று அலுத்துக்கொண்டே போனார்.

உள்ளே கதவுக்குப் பின்னால் சிலுவை வேர்த்துப்போய் நின்றான்.

“போலீசு போயிட்டானா?”

“போயாச்சு. இனி இங்கன எட்டிப் பாக்கமாட்டான்.”

சந்தனமாரி கஷாயத்தை வடிகட்டி, ஆற்றி, பாயில் கிடந்த இசபெல்லாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இசபெல்லா லோட்டாவைப் பார்த்தாள்.

“ஒண்ணும் ஆகாதுல்லாக்கா?”

“நானும் ஒரு தடவ இதைக் குடிச்சிட்டு இப்ப ஒன் முன்னால உக்காந்திருக்கலையா? குடிளா.”

அவள் குடித்தாள். சிலுவை சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான்.

தெருமுனையில் ஒரு கார் நின்றிருந்தது. காக்கிச் சட்டைக்காரர் கதவைத் திறந்து, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

“இந்த இசபெல்லாவும் இல்லம்மா. இந்த வீட்டுல முழுகாம இருக்கது புருசனாம்.”

பின் இருக்கையில், மடியில் தோல் பையோடு இருந்த டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“அடுத்த தெருவுல கேளுங்க, வில்பிரட். தாயோட உயிரைக் காப்பாத்தணும்னா கலைக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. அதைச் சொல்லி முடிக்கதுக்குள்ள அந்த மனுசன் எந்திரிச்சு ஓடிட்டாரு.”