பின்னால் நிற்பவர்கள்

அப்பாவின் உடலைக் கொண்டுபோக வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று நான் வரவழைத்தது. நான் மருத்துவம் படித்த, நாடே பெயர் சொல்லும் பல்கலைக்கழகத்தின் வண்டி. மலர்வளையத்தோடு வந்திருந்தார்கள். இன்னொன்று அம்மா சொல்லி வந்த அரசு மருத்துவக் கல்லூரியின் வண்டி. அதன் பின்கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். உடலைத் தானம் செய்ய வேண்டும் என்று மட்டும்தான் அப்பா சொல்லியிருந்தார். யாருக்கு என்று சொல்லவில்லை.

"எங்க காலேஜ்ல ஒரு உடம்ப ஆறு பேருதாம்மா அறுத்துப் படிப்பாங்க. தொடறதுக்கு முன்னாடி தலை குனிஞ்சு கும்பிடுவாங்க," என்றேன்.

அம்மா அரசு வண்டியில் வந்த ஊழியரிடம் திரும்பினாள். "உங்க காலேஜ்ல எத்தனை பேருப்பா?"

"முப்பது பேரு நிப்பாங்கம்மா." அவர் எதையும் மறைக்கவில்லை. "பின்னாடி இருக்கிற பிள்ளைங்க ஸ்டூல் மேல ஏறி எட்டிப் பாக்கும்."

அப்பா ஓர் அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர். ஒரே தவளையை அறுத்து வகுப்பு முழுவதற்கும் காட்டிவிட்டு வரும் நாட்களில், பின்வரிசைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்.

எனக்குக் கோபம் வந்தது. "எங்க காலேஜ்ல சொல்லித் தர்றதுதாம்மா நல்லா இருக்கும்." அது பொய்யில்லை.

"தெரியும்டி," என்றாள் அம்மா. குனிந்து அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிறகு அரசு ஊழியரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"அவரக் கொஞ்சம் உசரமான மேசையா பாத்துப் படுக்க வைங்கப்பா."