கஷாயம் குடிக்காத ஆடு

காட்டில் ஒரு நோய் பரவி ஆடுகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. கரடி ஒரு கஷாயம் காய்ச்சிக் கொண்டுவந்தது. மருந்துக்கு அனுமதி தருவது ஆமையின் வேலை.

"பாதி ஆடுகளுக்குக் கஷாயம் கொடு, மீதிக்கு வெறும் தண்ணீர் கொடு. ஆறு மாதம் பார்ப்போம்" என்றது ஆமை.

இரண்டாம் மாதமே ஆடுகள் ஆமையை வளைத்துக்கொண்டன. "அதுவரை எங்களில் யார் மிஞ்சுவார்கள், ஐயா?"

ஆமை அவசர அனுமதி கொடுத்தது. தண்ணீர் குடித்த ஆடுகளும் கஷாயத்துக்கு முண்டியடித்தன. நோய் அடங்கியது.

அடுத்த கோடையில் ஆடுகளுக்குக் கண் மங்கியது. நோய் விட்டுச்சென்ற கோளாறா, கஷாயம் செய்த கோளாறா என்று ஆமைக்குத் தெரியவில்லை.

"கஷாயமே குடிக்காத ஆடு ஒன்றைக் கூட்டிவாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்."

ஒரு தாய் ஆடு தட்டுத் தடுமாறி முன்னால் வந்தது.

"என் குட்டிக்கு நீங்கள் தண்ணீர்தான் கொடுத்தீர்கள், ஐயா. அந்த மண்மேட்டுக்கு அடியில் கிடக்கிறது. போய் ஒப்பிட்டுப் பாருங்கள்."