வாய்க்கால் வருது

கண்ணைக் கட்டியிருந்த செக்குமாடு பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. நடக்காத மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள் என்பது அதன் முதுகில் இருந்த மைனாவுக்குத் தெரியும்.

"எங்கேயும் போகலையே, எதுக்கு நடக்கணும்?" என்றது மாடு.

"ஆத்தங்கரைக்குப் போறோம் அண்ணே. வழியெல்லாம் தேன் சொட்டுது, பால் ஓடுது."

"அளக்காதேடா."

மைனா சற்று யோசித்தது.

"நடுவுல ஒரு வாய்க்கால் கிடக்கு. ஒரே சேறு. நேத்து ஒரு எருமை வழுக்கி விழுந்துச்சு, நான் சிரிச்சதுக்கு என்னைத் திட்டுச்சு."

மாடு காதை அசைத்தது.

"எந்தப் பக்கம் சேறு கம்மி?"

"இடது பக்கம்."

மாடு முன்னங்காலை உயரத் தூக்கி, மெல்ல ஊன்றியது. செக்கு மறுபடி முனக ஆரம்பித்தது.

வெயில் சாய்ந்தபோது மைனா முதுகிலேயே கண்ணயர்ந்திருந்தது.

"தம்பி, கெட்டியாப் பிடிச்சுக்க," என்றது மாடு. "வாய்க்கால் வருது."